புகார் என்றால் காய்ச்சல்!

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் யாராவது வந்து "புகார்... புகார்..." என்று சொன்னால் பதற வேண்டாம். அவர் யார் மீதும் புகார் கொடுக்க வரவில்லை. இந்தியில் புகார் என்றால் காய்ச்சல். அதேபோல "சக்கர்" என்றால் சர்க்கரை வியாதி இல்லை, தலைசுற்றல். "கான்சி" என்றால் கஞ்சி கேட்கவில்லை, இருமல். "பேட்" என்று சொல்லி வயிற்றைத் தொட்டுக் காட்டினால் அதற்கு அகராதியே வேண்டாம்.

இந்த அகராதியை மனப்பாடமாக வைத்திருப்பவர், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு பெண்மணி. வயது 54. மார்க்கெட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். மேஸ்திரிகளுக்கும் லாரி டிரைவர்களுக்கும் அவர் "அக்கா". பீகார் பையன்களுக்கு "மௌசி". அம்மாவின் தங்கையை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊர் சின்னம்மா மாதிரி.

சாத்தாங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஒரு காலத்தில் பிராட்வே, ஜார்ஜ் டவுன் சந்துகளில் அடைந்து கிடந்த இரும்புக் கடைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோவதற்காக சி.எம்.டி.ஏ. உருவாக்கிய மார்க்கெட் இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி, ஆங்கிள், சேனல், தகடு. சுருட்டி வைத்த காயில் ஒவ்வொன்றும் ஒரு யானை கனம் இருக்கும். டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கிரேன் தூக்கும், கேஸ் கட்டிங் பொறி பறக்கும். சென்னையில் எழும்பும் கட்டடங்களுக்குப் போகிற இரும்பில் கணிசமான பங்கு இந்தத் தெருக்களைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

அதைத் தூக்கி இறக்குகிற கைகள் முன்பு திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆட்களுடையவை. இப்போது பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட், உத்தரப் பிரதேசம். அக்காவின் கணவரும் ஹார்பரில் லோடு தூக்கியவர்தான். இடுப்பு விட்டுப்போய் இப்போது கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். "இந்த வேலைய நம்ம பசங்க செய்ய மாட்டானுங்க. செய்யவும் வேணாம்" என்பார். ஆனால் யாராவது ஒருவர் செய்தாகத்தானே வேண்டும்?

இட்லி, தோசை போட்டுக்கொண்டிருந்த கடை பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ரொட்டிக்கும் ஆலு சப்ஜிக்கும் மாறியது. கூடவே இந்தியும் வந்தது. முதலில் வந்தவை சாப்பாட்டு வார்த்தைகள், அடுத்து காசு வார்த்தைகள். கடைசியாகத்தான் உடம்பு வார்த்தைகள். சாப்பிட வருகிறவன் இரண்டு ரொட்டியோடு எழுந்தால் கடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும், அவனுக்கு ஏதோ சரியில்லை என்று.

இரும்பு வேலையில் உடம்புக்கு வருகிற கேடு இரண்டு வகை. ஒன்று சட்டென்று வருவது. தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி. கையுறை கிழிந்திருந்தால் உள்ளங்கை கிழியும். கம்பிக்கட்டு சரிந்தால் கால் விரல் போகும். கட்டிங் மெஷினில் பறக்கும் இரும்புத் துகள் கண்ணில் ஒட்டும். இதற்கெல்லாம் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. மேஸ்திரி பைக்கில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் உள்ள சின்ன கிளினிக்குக்குப் போவார். ஒரு டி.டி. ஊசி, நாலு தையல், மாத்திரை. செலவை முதலாளி கொடுத்துவிடுவார். இரண்டு நாள் ரூமில் படு என்பார்கள். கேட்பதற்கு நல்ல மனசு மாதிரிதான் இருக்கும்.

அக்காவுக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. "சீட்டு எங்க?" என்று கேட்பார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எங்கே, எப்படி, எந்தக் கை என்று காகிதத்தில் ஏறும். சின்ன கிளினிக்கில் ஏறாது. ஆறு மாதம் கழித்து அந்த விரல் மடங்கவில்லை என்றால், அது சாத்தாங்காட்டில் அடிபட்டது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட அந்தப் பையனிடம் இருக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று இந்தியாவில் 1923-லேயே எழுதிவிட்டார்கள். 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற தொழிலாளி அதில் வர வேண்டும். தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் முக்கால் சதவிகிதம், முதலாளி போடுவது மூன்றேகால் சதவிகிதம். வேலையில் அடிபட்டால் இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது, முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. படுத்திருக்கும் நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம் வரும். இவர் இங்கே வேலை செய்ய, ஊரில் இருக்கும் மனைவி மக்கள் அங்கே உள்ள இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் பார்க்கலாம். பாட்னா பக்கத்தில் பிஹ்டாவில் இ.எஸ்.ஐ.க்கு மருத்துவக் கல்லூரியோடு பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் பத்துப் பேர் என்கிற வார்த்தையில்தான் சிக்கல். குடோன் முதலாளியின் கணக்கில் நாலு பேர்தான். மற்றவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள். கான்ட்ராக்டரைக் கேட்டால், தான் வெறும் மேஸ்திரி என்பார். ஆள் எங்கே இருக்கிறார் என்றால் குடோனில் இருக்கிறார். யாருடைய ஆள் என்றால் பதில் இல்லை. எல்லா முதலாளியும் இப்படி இல்லைதான். முறையாகப் பணம் கட்டி, இ.எஸ்.ஐ. எண்ணை கார்டாகப் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுகிறவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். அந்தக் குடோன் பையன்களைப் பார்த்தாலே தெரியும். நடையே வேறு மாதிரி இருக்கும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-ல் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். கூட்டி வருகிற கான்ட்ராக்டர்தான் தங்க இடமும் மருத்துவ வசதியும் இலவசமாகத் தர வேண்டும் என்றது அது. 2025 நவம்பர் 21-ம் தேதியிலிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. பழைய சட்டம் 5 பேர் இருந்தாலே பொருந்தும். புதியதில் அந்த எண்ணிக்கை 10. ஒருவிதத்தில் புதிய சட்டம் பரவாயில்லை. தானாக ரயிலேறி வந்தவரையும் புலம்பெயர்ந்த தொழிலாளி என்று ஒப்புக்கொள்கிறது. அந்த 10 மட்டும் மறுபடியும் உறுத்துகிறது.

இந்த இடத்தில் அக்காவின் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். 2022-ல் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. இங்கே அக்கா அழுது புரண்டார். அங்கே கம்பெனியே ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தது. எம்.சி. என்று அவர்கள் சொல்கிற மருத்துவ விடுப்பில் இருந்த நாள்களுக்குச் சம்பளம் வந்தது. சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட் ஆள் ஒவ்வொருவருக்கும் முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். முன்பு வருடத்துக்கு 15,000 டாலர் என்று இருந்த அந்தத் தொகையை 2023 ஜூலையிலிருந்து 60,000 டாலராக உயர்த்திவிட்டார்கள். சிங்கப்பூர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. 2020 கொரோனாவில் அங்கே பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் டார்மிட்டரிகளில் நெருக்கியடித்துத் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள்தான். அக்காவின் மகனும் பல வாரம் ஒரே அறையில் அடைந்து கிடந்தார்.

"எம்புள்ள அங்க இந்திக்காரன் மாதிரிதானே? அவங்க பாஷை தெரியாம, அவங்க ஊர்ல மூட்டை தூக்குறான். அங்க அவனுக்கு ஒருத்தர் சோறு போட்டிருப்பாங்க இல்ல?" என்று அக்கா ஒருமுறை கணவரிடம் சொன்னார். மற்றபடி இதைப் பற்றியெல்லாம் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

இனி இரண்டாவது வகைக் கேடு. மெதுவாக வருவது.

2025 ஜூன் மாதம். கயா ஜில்லாவிலிருந்து வந்த 22 வயதுப் பையன் ஒருவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழ ஆரம்பித்தான். ஆறு வாரமாக இருமல். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மூன்று பாட்டில் சிரப் குடித்திருந்தான். சாயங்காலமானால் உடம்பு சுடும். வாங்கும்போது சரியாக இருந்த பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். "கான்சி?" என்று அக்கா கேட்டார். தலையாட்டினான். "கூன்?" என்றார். ரத்தம். அவன் பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் அவனுக்கு ஒரு நாள் கூலி போச்சு. நாள்கூலிக்காரனுக்கு வைத்தியம் இலவசம் என்று சொல்கிறோம். வைத்தியம் மட்டும்தான் இலவசம். முதல் முறை அவன் தனியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். எந்த வரிசை என்று தெரியவில்லை. ஒரு வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றபின், அது பல் வைத்தியத்துக்கான வரிசை என்று தெரிந்தது. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் என்ன உடம்புக்கு என்று தமிழில் கேட்டார்கள். அவன் இந்தியில் சொன்னான். போன் நம்பர் கேட்டார்கள், அது புரிந்தது. ஆனால் அந்த நம்பர் ஆதாரில் உள்ள நம்பர் இல்லை. ஆதாரோடு சேர்ந்த போன் ஊரில் அண்ணனிடம் இருக்கிறது. ஓ.டி.பி. அங்கே போகும், அண்ணன் வயலில் இருப்பார். மணி பன்னிரண்டு ஆனது. ஓ.பி. முடிந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை, விரட்டவில்லை. வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் அவன் மறுபடி கம்பி தூக்கப் போய்விட்டான்.

இரண்டாவது முறை அக்காவே கூட்டிப் போனார். இந்த முறை பெரிய ஆஸ்பத்திரி இல்லை. 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்களே, அதில் ஒன்று. காலை 8 முதல் 12 வரை, சாயங்காலம் 4 முதல் 8 வரை டாக்டர் இருப்பார். சாயங்காலம் என்கிற அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய உதவி என்று நாள்கூலிக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். வேலை முடித்துக் கையில் இரும்புத் துருவோடு வந்து உட்காரலாம். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கும் இந்தி தெரியாது. ஆனால் அக்கா இருந்தார். சளி மாதிரி எடுத்து அனுப்பினார்கள். டி.பி. என்று வந்தது.

மருந்து இலவசம். உடம்பு எடையைப் பார்த்து இத்தனை மாத்திரை என்று கொடுப்பார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்தது, அடுத்த நான்கு மாதம் மூன்று. தினமும் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம், அப்போது வைத்தியம் நீளமாகும், கடினமாகும். இவ்வளவையும் டாக்டர் சொன்னார். அக்கா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: "சே மஹினா. ரோஜ். சோட்னா நஹி." ஆறு மாதம். தினமும். விடக் கூடாது.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியாது. இந்த மாத்திரையில் ஒரு மருந்து சிறுநீரை ஆரஞ்சும் சிவப்புமாக மாற்றிவிடும். ஆபத்து எதுவும் இல்லை. டாக்டர் தமிழில் சொல்லியிருக்கலாம், வேறு எதையோ மொழிபெயர்க்கும் அவசரத்தில் அது நழுவியிருக்கலாம். நாலாவது நாள் காலையில் சிவப்பாகப் போனதைப் பார்த்ததும் பையன் ரத்தம் என்று நினைத்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டான். மூன்று நாள்.

அக்கா கண்டுபிடித்தது தற்செயல். தினமும் காலையில் கடைக்கு வந்து அவர் கண்ணெதிரே மாத்திரை போட்டுக்கொள்பவன், வராமல் ரூமிலேயே போட்டுக்கொண்டேன் என்றான். அட்டையைக் கொண்டுவா என்றார். எண்ணிப் பார்த்தார். "பொய் சொல்றியா என்கிட்ட?" என்று தமிழில் கத்தினார். அவன் சிவப்பு, கூன் என்று சொல்லி அழுதான். அக்காவுக்கும் கை நடுங்கிவிட்டது. நாமே வற்புறுத்தி ஏதோ விஷத்தைக் கொடுத்துவிட்டோமோ என்று. அன்று சாயங்காலம் மையத்துக்கு ஓடினார். அங்கே மருந்து கொடுக்கிற பெண், "அது மருந்தோட கலரும்மா. போட்டா அப்படித்தான் போகும். போகலைன்னாதான் நாங்க கவலைப்படணும்" என்று சிரித்தார். அந்த ஒரு வாக்கியம் அவன் பாஷையில் முதல் நாளே அவனிடம் போயிருந்தால் மூன்று நாள் மருந்து போயிருக்காது. மருந்துக் கவரில் ஒரு சிவப்புச் சொட்டுப் படம் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருந்தால்கூடப் போதும். இதற்குப் பெரிய திட்டம், பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

டி.பி.க்கும் சென்னைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1950-களில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும் என்றுதான் உலகம் முழுக்க நம்பினார்கள். 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மீதிப் பேர் அவரவர் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டார்கள். வீடு என்றால் சென்னையின் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வீடுகள், அரைகுறைச் சாப்பாடு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏழைகள்தான். ஆனாலும் அவர்களுக்கு வீடு என்று ஒன்று இந்த ஊரில் இருந்தது. மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு அம்மாவோ, மனைவியோ இருந்தார்கள். இந்தப் பையனுக்கு வீடு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். இங்கே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ரூம், கூடப் பதினோரு பேர்.

ரூமில் உள்ள மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று மையத்தில் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் விஷயம் வெளியே தெரிந்ததும் மேஸ்திரி கடைக்கு வந்துவிட்டார்.

"அக்கா, அவன ஊருக்கு அனுப்பிடுறேன். மத்தவனுங்களுக்கு ஒட்டிக்கும்."

"மாத்திரை போட்டுக்கினு கொஞ்ச வாரம் போனா ஒட்டாதாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரம்மா வந்து லோடு இறக்குவாங்களா?"

"ரயில்ல ரெண்டு நாள் இருமிக்கினே போவானே, அதுல ஒட்டாதா மேஸ்திரி?"

இதற்கு மேஸ்திரியிடம் பதில் இல்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. இரண்டு மாதம் அவன் கனம் தூக்க வேண்டாம், குடோன் வாசலில் லாரிச் சீட்டு எழுதட்டும், கூலி பாதி. படுக்கை ரூமுக்கு வெளியே வராந்தாவில். அக்கா தினமும் ஒரு முட்டை சேர்த்துப் போட்டார், கணக்கில் எழுதாமல். சத்துணவுக்கென்று அரசே டி.பி. நோயாளிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பர் வரை 500 ஆக இருந்தது. அந்தப் பணம் ஊர் பாங்க் கணக்குக்குத்தான் வரும். அதை எடுத்த அண்ணன் நிஜமாகவே வயலுக்கு உரம் வாங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. யாரைக் குறை சொல்ல?

பரிசோதனையில் மற்ற பதினோரு பேருக்கும் டி.பி. இல்லை. ஆனால் 45 வயதுக்காரர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டு வாசலுக்கே பி.பி. மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது. வீடு என்று ஒன்று இருப்பவரைத் தேடிப் போவது எளிது. பகலெல்லாம் யார்டில் இருந்துவிட்டு இரவு மட்டும் ரூமுக்கு வருகிறவரை எந்த வாசலில் தேடுவது?

வடசென்னைக்கு இந்தக் கேள்வி புதிதே இல்லை. இங்கே வயசானவர்கள் இன்னும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். ஹைதர் அலி படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்த காலத்தில், பட்டினியோடு மதராஸுக்குள் ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஒரு சத்திரம் தொடங்கினார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் வாயில் அது மோனிகர் சவுல்ட்ரி ஆனது. கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள். 1799-ல் அங்கே ஆஸ்பத்திரியும் வந்தது. அந்த வழியில் வளர்ந்ததுதான் 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. ஆக, வடசென்னையின் பெரிய ஆஸ்பத்திரி, ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்காகவே பிறந்தது.

அக்காவின் அம்மாவும் அப்படி வந்தவர்தான். 1960-களில் பர்மாவை விட்டுத் தமிழர்கள் கிளம்பியபோது ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர், அப்போது பதினைந்து வயது. எண்ணூர் பர்மா நகரில் குடியேறினார்கள். ஹார்பரில் இறங்கியதும் வரிசையில் நிற்கவைத்து ஊசி போட்டதையும், யாரோ ஒரு நர்ஸ் இரண்டு ரொட்டித் துண்டு கொடுத்ததையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஊசி வலித்ததைவிட அந்த நர்ஸ் தமிழில் பேசியதுதான் அவருக்கு ஞாபகம்.

செப்டம்பர் 30-ம் தேதி எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளிகள் இறந்துபோனார்கள். அசாமிலிருந்து வந்தவர்கள். அடிபட்டவர்களை ஸ்டான்லிக்குத்தான் கொண்டுபோனார்கள். அன்று இரவு சாத்தாங்காட்டில் ஒவ்வொரு ரூமிலும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பீகாரில் இருப்பவர்களுக்கு எண்ணூரும் சாத்தாங்காடும் ஒன்றுதான். பையனின் அம்மா அழுது, உடனே கிளம்பி வா என்றார். சட் பூஜை வேறு வருகிறது, நவம்பரில் ஓட்டுப் போட வேண்டும், எல்லோரும் கிளம்புகிறார்கள். அவனுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

நாலு மாதம் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் மாத்திரை பாக்கி. எடை கூடியிருந்தது, இருமல் சுத்தமாக இல்லை. ஆபத்தான கட்டம் இதுதான். உடம்பு நன்றாக இருக்கிறவன் எதற்கு மாத்திரை போடுவான்?

அக்கா மையத்துக்குப் போய் விசாரித்தார். டி.பி. நோயாளிகள் எல்லோருக்கும் நாடு முழுக்க ஒரே கணினியில் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து அவன் ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கையிலும் கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. ரேஷன் கார்டையே எந்த ஊரிலும் காட்டலாம் என்று ஆக்கிவிட்டோம். பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் கார்டை பீகாரில் வாங்கியவர் தமிழ்நாட்டிலும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்தலாம். இங்கேயே ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிற வெளிமாநிலத்தவர், உரிய சான்று இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் சேரலாம். சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' இருக்கிறது. எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை. மணலி ரோட்டில் லாரி இடித்தால் இது உண்டு, யார்டுக்குள் தகடு விழுந்தால் இல்லை. அதே கால்தான், அதே எலும்புதான். மொத்தத்தில் கதவுகள் நிறைய இருக்கின்றன. எந்தக் கதவு எங்கே என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. சாத்தாங்காட்டில் அந்த ஆள், தற்போதைக்கு, ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடையிலோ வீட்டு வேலையிலோ இப்படி ஒரு பையன் இருந்தால் 104 என்ற எண்ணை அவர் போனில் போட்டுக் கொடுங்கள். தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். பேசுவதற்கு நீங்கள் கூட இருந்தால் இன்னும் நல்லது.

கிளம்புகிற அன்று அக்கா மாத்திரை அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி டப்பாவுக்குள் ஒட்டினார். சென்ட்ரல் வரை போக நேரமில்லை, கடையில் கூட்டம். பையன் காலில் விழுந்தான். "சோட்னா நஹி" என்று மட்டும் சொன்னார்.

தீபாவளி போனது, சட் பூஜை போனது, பீகாரில் தேர்தலும் முடிந்தது. அக்கா வாரம் ஒருமுறை வீடியோ காலில் அட்டையைக் காட்டச் சொல்வார். அவனும் ஒவ்வொரு குழியாகக் காட்டுவான். ஊர் ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர், சைக்கிளில் போய் வாங்கி வந்தானாம். முதல் முறை போனபோது அங்கேயும் மணி பன்னிரண்டு ஆகி ஓ.பி. முடிந்துவிட்டதாம். சொல்லிச் சிரித்தான். டிசம்பரில் மருந்து முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

அவன் திரும்பி வர வேண்டும் என்கிறான். ஊரில் வேலை இல்லை, அண்ணனின் உரக்கடன் வேறு இருக்கிறது. வராந்தாவில் அவன் படுத்திருந்த இடத்தில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் படுக்கிறார். அவனை மறுபடி சேர்த்துக்கொள்வாயா என்று அக்கா மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி டீயை ஆற்றிக்கொண்டே, "பார்க்கலாம்க்கா" என்றார். அக்கா விடவில்லை. நாளைக்கும் கேட்பார். டீ அவர் கடையில்தானே!